வில்லுப்பாட்டு வில்: தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டார அன்பர்களின் கேள்விகளும் பதில்களும்

ஐயா, வில்லில் ஒரு நாண்தான் இருக்கிறது. அதில் ராகம் வாசிக்க முடியாதா? (சாட்ஸ்வொர்த்)

முடியாது, தேவையும் இல்லை. கதையை நடத்துவது புலவரின் குரல்; நாண் அதற்குத் தாளம் கொடுக்கிறது. வில்லின் நடுப்பாகத்தை மண்குடத்தோடு கட்டியிருப்பார்கள். புலவர் இரண்டு வீசுகோலால் தோல் நாணை அடிக்கும்போது, வில்லில் தொங்கும் மணிகளும் சேர்ந்து குலுங்கும். பக்கத்தில் ஒருவர் குடத்தின் வாயை மட்டையால் அடித்து 'கும்'மென்ற ஒலி எழுப்புவார். உடுக்கு, கட்டை, ஜால்ரா எல்லாம் கூட வரும்.

ஜூலு நண்பர் வீட்டில் 'உமக்வெயானா' பார்த்தேன் அண்ணா. அதுவும் வில்தானே, நம்முடையதிலிருந்து வந்ததா? (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

இல்லை தம்பி. அது ஆப்பிரிக்க மண்ணின் சொந்தக் கருவி, நம்மிடமிருந்து போனதாக யாரும் சொல்லக் கூடாது. அதில் கம்பியை ஒரு சிறு முடிச்சு இரண்டாகப் பிரிக்கும், அங்கேயே சுரைக்குடுக்கை கட்டியிருக்கும். வாசிப்பவர் மெல்லிய குச்சியால் தட்டிக்கொண்டே குடுக்கையின் வாயை நெஞ்சில் வைத்து மூடித் திறப்பார். நாதம் மாறி மாறி வரும். அதன் உறவான 'உகுபு'வில் கம்பி பிரிக்கப்படாது. அதை வாசித்துப் பாடிய ஜூலு இளவரசி மகோகோ 1984இல் மறைந்தார். அவருடைய ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேளுங்கள். ஒற்றைக் கம்பிக்குள் அவ்வளவு இசை! நம் வில் கூட்டத்துக்கு முன் முழங்குவது, அது தனியாக ஒருவர் பாட்டோடு இழைவது.

வில் செய்ய இங்கே பனைமரம் கிடைக்கவில்லை. மூங்கில் போதுமா? (ஃபீனிக்ஸ்)

போதும். முற்றிய மூங்கிலாக இருக்கட்டும்.

பிப்ரவரி வந்தால் நாண் தொய்ந்து விடுகிறது, என்ன செய்வது? (டோங்காட்)

கடற்கரைக் காற்றின் ஈரத்தைத் தோல் குடித்துவிடுகிறது. நிகழ்ச்சிக்கு முன் சற்று நேரம் இளவெயிலில் காட்டி, பிறகு இழுத்துக் கட்டுங்கள். நெருப்பருகே வேண்டாம், தோல் வெடித்துவிடும். பாடி முடித்ததும் நாணைத் தளர்த்தி வையுங்கள்.

பிள்ளைகளுக்கு எந்தக் கதையிலிருந்து தொடங்கலாம் தாத்தா? (சாட்ஸ்வொர்த்)

முத்துப்பட்டன் கதை. சாதியை மீறி பொம்மக்கா, திம்மக்கா என்ற சகோதரிகளை மணந்தவன், மாடுகளைக் காக்கப் போய் உயிர்விட்டவன். பொதிகை மலையடிவாரத்தில் அவனைச் சாமியாகக் கும்பிடுகிறார்கள். முழுதும் பாட ஓர் இரவு போதாது. மாடு கவர வந்தவர்களோடு நடக்கும் சண்டையை மட்டும் எடுங்கள். வில்லை அப்புறம் கையில் கொடுக்கலாம். முதலில் ஒரு பிள்ளை கதை சொல்லட்டும், மற்றவர்கள் ஒவ்வொரு அடிக்கும் "ஆமா" போடட்டும்.