மறைக்கல்வியும் பரிணாமமும்: கேள்வி பதில்

கத்தோலிக்க மறைக்கல்வியில், அதாவது சமயப் பாட வகுப்புகளில், பரிணாமக் கொள்கையைக் கையாள்வது குறித்து வந்த கேள்விகளுக்கு, பல ஆண்டுகளாக மறைக்கல்வி கற்பித்துவரும் ஆசிரியர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: ஐயா, ஞாயிறு மறைக்கல்வியில் ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். விவிலியத்தின் படைப்புக் கதையில் முதல் நாளிலேயே ஒளி உண்டாயிற்று, சூரியன் நான்காம் நாள்தான் வருகிறது, அப்படியானால் அதுவரை வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று ஒரு சிறுவன் கேட்டான். பிறகு சொல்கிறேன் என்று நழுவிவிட்டேன்.

பதில்: அவனைப் பாராட்டுங்கள், விவிலியத்தின் முதல் நூலான தொடக்க நூலை அவன் கவனமாகப் படித்திருக்கிறான். பழங்காலத் திருச்சபையின் பெரும் இறையியலாளரான புனித அகுஸ்தினாருக்கும் இதே ஐயம் எழுந்தது. சூரியன் இல்லாத அந்த நாள்களை நாம் அறிந்த நாள்களைப் போலக் கொள்ள இயலாது என்று அவர் கருதினார். விண்மீன்களைப் பற்றி நன்கறிந்த, நம்பிக்கையற்ற ஒருவர் முன் கிறிஸ்தவர் விவிலியத்தின் பெயரால் பிதற்றினால் விவிலியமே நகைப்புக்கு இடமாகும் என்றும் அவர் எச்சரித்திருக்கிறார். அடுத்த வாரம் கரும்பலகையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் முதல் மூன்று நாள்கள்: ஒளியும் இருளும், வானும் நீரும், நிலம். வலப்பக்கம் அடுத்த மூன்று நாள்கள்: சூரியனும் நிலவும், பறவையும் மீனும், விலங்கும் மனிதரும். முதலில் வீடு, பிறகு அதில் குடியேறுவோர். இது நாட்குறிப்பன்று, பாடலைப் போல் கட்டப்பட்டது என்பது பிள்ளைகளுக்கே விளங்கிவிடும்.

கேள்வி: பரிணாமத்தைத் திருச்சபை ஏற்கிறதா?

பதில்: ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்பதை விட்டுக்கொடுக்காமல், மனித உடலின் தோற்றத்தை அவ்வழியில் ஆராயலாம் என்று 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் இசைந்தார். பரிணாமம் கருதுகோள் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று 1996இல் இரண்டாம் ஜான் பால் கூறினார். விரிவடையும் அண்டத்தின் தொடக்கம் பற்றி 1931இல் எழுதிய ஜார்ஜ் லெமேத்ரும் கத்தோலிக்கக் குருதான். ஆனால் தம் கொள்கையைப் படைப்புக்குச் சான்றாகக் காட்டுவதை அவர் விரும்பவில்லை. அந்த அடக்கம் நம் ஆசிரியர்களுக்கும் வேண்டும்.

கேள்வி: தெய்யார் தெ ஷார்தனின் கருத்துகளை வகுப்பில் பயன்படுத்தலாமா?

பதில்: பயன்படுத்தலாம், ஆனால் அவருடைய சிறுவயதிலிருந்து தொடங்குங்கள். பிரான்சில் 1881இல் பிறந்த அவர், என்றும் அழியாத பொருளைத் தேடி ஓர் இரும்புத் துண்டை ஒளித்துவைத்துப் போற்றினார். அதுவும் துருப்பிடிக்கும் என்று தெரிந்தபோது உடைந்துபோனார். பின்னாளில் இயேசு சபைக் குருவாகவும், தொல்லுயிர் ஆய்வாளராகவும் சீனாவில் பணியாற்றிய அவர், பருப்பொருளிலிருந்து உயிரும், உயிரிலிருந்து சிந்தனையும் எழுந்த இந்தப் பயணம் கிறிஸ்துவில் நிறைவுறும் என்று கண்டார். அழியாததைப் பின்னால் தேடிய சிறுவன் முன்னால் தேடத் தொடங்கினான் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவருடைய முக்கியமான சமயச் சிந்தனை நூல்கள் 1955இல் அவர் இறந்த பிறகே வெளிவந்தன. 1962இல் உரோமை, அதாவது திருச்சபையின் தலைமை, அவற்றைக் குறித்து எச்சரித்தது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலின் அடிக்குறிப்பு ஒன்றில் அவரை நினைவுகூர்ந்தார். படைப்பு இன்னும் முடியவில்லை, நம் உழைப்புக்கும் அதில் பங்குண்டு என்ற அவரது பார்வை பதின்ம வயதினரை ஈர்க்கிறது. ஆயினும் அணுகுண்டு வெடித்த மறு ஆண்டே அதில் மனிதகுலத்தின் முன்னேற்றத்தைக் கண்டு அவர் எழுதியதை என்னால் ஏற்க முடியவில்லை. வளர்வதெல்லாம் நல்லதாகிவிடாது என்பதையும் சேர்த்தே கற்பியுங்கள்.

கேள்வி: கல்லூரியில் உயிரியல் படிக்கும் என் மகள் பூசைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். படிப்புதான் காரணமோ?

பதில்: அம்மா, படிப்பின்மேல் பழிபோட அவசரப்படாதீர்கள். உயிரியலில் அவள் ஆண்டுதோறும் முன்னேறினாள்; மறைக்கல்வியோ பெரும்பாலும் சிறுவயதில் பெறும் உறுதிபூசுதல் என்ற சடங்கோடு நின்றுவிடுகிறது. சிறுவயதில் தைத்த சட்டை இருபது வயதில் சேராததற்கு உடம்பைக் குறைசொல்ல முடியாதல்லவா? வயதுவந்தோருக்கான மறைக்கல்வியே அதன் தலையாய வடிவம் என்று உரோமை 1971இலேயே வழிகாட்டியில் எழுதிவிட்டது. நம் பங்குகளில்தான், அதாவது ஊர்த் திருச்சபைகளில்தான், அதற்கு நேரமும் ஆளும் ஒதுக்குவதில்லை. இப்போதைக்கு, அவள் படிக்கும் பாடத்தை உங்களுக்கு விளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: நம்பிக்கை ஆறு படிநிலைகளில் வளர்கிறது என்கிறார்களே?

பதில்: அமெரிக்க இறையியலாளர் ஜேம்ஸ் ஃபவ்லர் 1981இல் விளக்கிய கருத்து அது, ஆறாம் படியை எட்டுவோர் மிக அரியர் என்றார் அவரும். ஒருமுறை பெற்றோர் கூட்டத்தில் இதைப் படம் காட்டி விளக்கினேன். என் பிள்ளை எத்தனையாவது படியில் இருக்கிறான் என்று ஒருவர் கேட்க, மற்றவர்களும் வரிசையில் நின்றுவிட்டார்கள். அதன்பின் அந்தப் படத்தை வெளியே எடுக்கவில்லை.