பங்க் இசைத் திருவிழாவுக்கு நண்பர்களுடன் போயிருக்கிறீர்களா? ஒரு நாள் அங்கே எப்படிக் கழியும்? பயமாக இருக்காதா?

போயிருக்கிறேன். இங்கிலாந்தின் வடமேற்குக் கரையில், பிளாக்பூல் நகரில், ஆகஸ்ட் தொடக்கத்தில் நடக்கும் ரெபெல்லியன் திருவிழாவுக்கு. பங்க் என்பது எழுபதுகளில் கிளம்பிய, அதிகாரத்தை எதிர்த்துக் கத்தும் வேகமான ராக் இசை. பயம் ஏதும் இல்லை. கால் வலித்தது, தொண்டை கட்டிக்கொண்டது, கூட வந்தவர்களோடு சண்டை வந்தது. அந்தச் சண்டைக்கும் பங்க் இசைக்கும் சம்பந்தமில்லை. நான்கு பேருக்கு நான்கு ரசனை இருந்ததுதான் காரணம்.

1996இல் வேறொரு பெயரில் தொடங்கிய விழா இது. வியாழன் முதல் ஞாயிறு வரை நடக்கும். எங்கள் கையிருப்புக்குச் சனிக்கிழமை மட்டும்தான் கட்டுப்படியானது. இசைத் திருவிழா என்றாலே சேற்று வயல், கூடாரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இங்கே எல்லாம் கூரைக்குக் கீழேதான். 1878இல் திறக்கப்பட்ட வின்டர் கார்டன்ஸ் என்ற பழைய கேளிக்கை மாளிகையின் கூடங்கள் ஒவ்வொன்றும் ஒரு மேடை ஆகிவிடுகின்றன. அவற்றில் பெரியது எம்ப்ரஸ் பால்ரூம், 1896இல் கட்டப்பட்டது. வளைந்த கூரை, சரவிளக்கு, மரத்தளம் என்று ராஜ தோரணையோடு நிற்கும். 1920இல் தொடங்கிய பால்ரூம் நடனப் போட்டி இன்றும் நடப்பது அந்தத் தளத்தில்தான். கன்சர்வேட்டிவ் கட்சி தன் மாநாடுகளை இந்த வளாகத்தில் நடத்தியிருக்கிறது. மார்கரெட் தாட்சர் பிரதமராக இருந்தபோது இங்கே வந்து முழங்கியிருக்கிறார். எண்பதுகளின் பிரிட்டிஷ் பங்க் பாட்டுகளில் பாதி அந்த அம்மையாரைத் திட்டவே எழுதப்பட்டவையோ என்று எனக்குத் தோன்றும். அவற்றை அதே கட்டடத்தில் நின்று ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடும்போது கேட்க வேண்டும்.

கிளம்பியது மான்செஸ்டரிலிருந்து. நான், டிரம்ஸ் வாசிக்கும் நண்பன் ஒருவன், வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் பிறந்து வளர்ந்த தோழி, கடல் பார்க்கலாம் என்று சொல்லி நாங்கள் இழுத்து வந்த நான்காமவன். பாதி வழியில், பிரஸ்டன் நிலையத்தில், அடுத்த ரயில் ரத்து என்று அறிவித்தார்கள். நடைமேடை முழுக்க ஆணி பதித்த தோல் ஜாக்கெட்டுகள். அறுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், தலையின் நடுவில் மட்டும் சிவப்பு முடியைச் சேவல் கொண்டைபோல் நிறுத்தியிருந்தவர், விழாவின் நேர அட்டவணையை அச்சிட்டு, மடித்து, மூன்று நிற மையில் கோடு போட்டு வைத்திருந்தார். வங்கிக் கணக்காளர் கெட்டார். அவரிடமிருந்துதான் எங்கள் தலைவலி தொடங்கியது. அதுவரை யாரும் அட்டவணையை ஒழுங்காகப் பார்த்திருக்கவில்லை.

மதியம் தொடங்கி நள்ளிரவு வரை ஒரே நேரத்தில் ஐந்தாறு கூடங்களில் கச்சேரி நடக்கும். ஒரு குழுவுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். பாட்டுகள் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம்தான் என்பதால் அதற்குள் இருபது பாட்டை முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் தேநீருக்கு வரிசையில் நின்று திரும்புவதற்குள் ஒரு குழுவின் கால்வாசி வாழ்க்கை வரலாறு கடந்துபோயிருக்கும். ஒரே முகூர்த்தத்தில் நான்கு கல்யாணத்துக்கு மொய் எழுத வேண்டியவனைப்போல, ஒரு கூடத்தில் முகம் காட்டி, இன்னொன்றில் பாதி கேட்டு, மூன்றாவதற்கு ஓடும்போது வழியில் தெரிந்தவரைப் பார்த்து நின்று, கடைசியில் எதையும் முழுதாகக் கேட்காமல் போவதுதான் சாதாரணமாக நடப்பது.

நான்காமவன் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்தான். 'எல்லாம் ஒரே பாட்டுதானே' என்று சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கம் போய்விட்டான். 1894இல் கட்டிய, 158 மீட்டர் உயரமுள்ள கோபுரம், 1885 முதல் ஓடும் டிராம், மூன்று கடற்பாலங்கள் என்று அவனுக்கு அங்கே வேலை நிறைய இருந்தது.

மாலையில் யூ.கே. சப்ஸ் குழு. பாடகர் சார்லி ஹார்ப்பர் 1944இல் பிறந்தவர். இசைக்கு முன் முடிதிருத்தும் தொழில் செய்தவர் என்பதை அந்தக் கூட்டத்தின் தலைகளைப் பார்க்கும்போது நினைத்துச் சிரித்துக்கொண்டேன். 1979இல் ஏ எழுத்தில் பெயர் தொடங்கும் ஆல்பத்தை வெளியிட்டவர்கள், அகரவரிசை பிசகாமல் ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்து 2016இல் இசட்டில் முடித்தார்கள். எந்த ஒழுங்குக்கும் கட்டுப்பட மாட்டோம் என்று கிளம்பிய இசையில் இப்படி ஒரு பிடிவாதமான ஒழுங்கு! மனிதர் மேடையில் ஓரிடத்தில் நிற்கவே இல்லை. பாதி வயதுகூட ஆகாத நான்தான் தூணில் சாய்ந்துகொண்டேன்.

சாய்ந்தது கொஞ்ச நேரம்தான். டிரம்ஸ் நண்பன் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நடுவில் தள்ளினான். நீங்கள் பயம் என்று கேட்பது இந்த இடத்தைத்தான் என்று நினைக்கிறேன். மேடைக்கு முன்னால் கூட்டம் தானாக விலகி ஒரு வட்டம் உண்டாகும். அதற்குள் ஆட்கள் சுற்றிச் சுற்றி ஓடுவார்கள், தோளோடு தோள் மோதுவார்கள், இருந்த இடத்திலேயே எம்பிக் குதிப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அடிதடி. உள்ளே ஒரு சட்டம் இருக்கிறது, யாரும் எழுதி ஒட்டாத சட்டம்: விழுந்தவரை உடனே தூக்கு. நான் விழுந்தேன். தரை தொடுவதற்குள் மூன்று பக்கமிருந்து கைகள் வந்தன. ஒரு கை என் சட்டைக் காலரையே பிடித்துத் தூக்கியது. நரைத்த கூந்தலை ஊதா நிறத்தில் சாயம் போட்டிருந்த ஒரு பாட்டி. 'அடி ஏதும் இல்லையே, கண்ணு?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் எதிரே வந்தவர்மேல் போய் மோதினார். யாரோ ஒருவர் தொலைந்த ஷூ ஒன்றைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். உரியவர் நொண்டியபடி வந்து வாங்கிக்கொண்டார்.

இதே பால்ரூமில் 1964இல் ரோலிங் ஸ்டோன்ஸ் வாசித்தபோது ரசிகர்கள் கலவரம் செய்து, சரவிளக்குகளைச் சேதப்படுத்தி, பியானோவை உடைத்துப் போட்டார்கள். அந்தக் குழுவை நகரத்துக்குள்ளேயே விடுவதில்லை என்று நகர மன்றம் போட்ட தடை 2008 வரை நீடித்தது. பங்க் கூட்டம் வந்து போன பிறகும் சரவிளக்குகள் பத்திரமாகத் தொங்குகின்றன.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றும் இருக்கலாம்: நம் தோல் நிறத்தோடு அங்கே போகலாமா? அது வீணான பயம் என்று சொல்லமாட்டேன். 1981 ஜூலையில் லண்டன் சவுத்ஹாலில், ஆசியர்கள் வாழும் பகுதியின் மதுவிடுதி ஒன்றில் 'ஓய்' என்ற முரட்டுப் பங்க் வகையின் நிகழ்ச்சி நடந்தது. வெளியூர்களிலிருந்து நிறவெறியர்களும் கலந்த மொட்டைத்தலை ஸ்கின்ஹெட் கூட்டம் வந்தது, தெருவில் மோதல் மூண்டது, ஆசிய இளைஞர்கள் அந்த விடுதியையே கொளுத்தினார்கள். அந்தத் தலைமுறைக்கு இந்த இசை என்றால் அந்த ராத்திரிதான். மறுபக்கமும் உண்டு. நிறவெறிக்கு எதிரான ராக் இயக்கம் 1978 ஏப்ரல் 30 அன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை ஊர்வலம் போனபோது, முடிவில் மேடையேறி வாசித்தவர்களில் தி கிளாஷ் என்ற பங்க் குழுவும் இருந்தது. இந்த இரண்டு வழிகளில் எதில் நிற்பது என்ற சச்சரவு பங்க் இசைக்குள் வெகுகாலம் இருந்தது. நான் பார்த்த கூட்டத்தில் பெரும்பாலானோர் வெள்ளையர்கள்தான். ஆனால் நிறவெறியை எதிர்க்கும் துணிப்பட்டை தைக்காத ஜாக்கெட் அபூர்வம். என்னை யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. மதுக்கூடத்தில் என் சட்டையிலிருந்த குழுவின் பெயரைப் பார்த்து இரண்டு பேர் வாதத்துக்கு வந்தார்கள், அவ்வளவே.

இரவு எட்டு மணிக்குத்தான் பெரிய சண்டை. ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் ஒரு கூடத்தில், டிஸ்சார்ஜ் இன்னொன்றில், ஒரே நேரத்தில். முன்னது 1977இல் பெல்ஃபாஸ்டில் உருவான குழு. தோழி பிளாக்பூலுக்கு வந்ததே அதற்காக. கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் மோதலில் அந்த ஊரில் குண்டுவெடிப்பும் ராணுவச் சோதனையும் நடந்துகொண்டிருந்த காலத்தில் அவளுடைய அம்மா ஹார்ப் பார் என்ற விடுதிக்குப் பங்க் கேட்கப் போனவராம். கத்தோலிக்கப் பிள்ளைகளும் புராட்டஸ்டண்ட் பிள்ளைகளும் ஒரே அறையில் நிற்கக்கூடிய சில இடங்களில் அது ஒன்று. 'அம்மாவுக்குப் போன் செய்து கேட்க வைக்க வேண்டும், எல்லோரும் வாருங்கள்' என்றாள். டிரம்ஸ் நண்பனோ டிஸ்சார்ஜ் பக்கம். ஸ்டோக்-ஆன்-டிரென்ட் நகரத்துக் குழு அது. அவர்களுடைய டிரம்ஸ் நடைக்கே டி-பீட் என்று பெயர் விழுந்து, ஸ்வீடன், ஜப்பான், பிரேசில் வரை அதைப் பின்பற்றும் குழுக்கள் முளைத்தன. இடைவெளி விடாமல் குதிரைப் பாய்ச்சலில் போகும் அந்த அடியை அவன் பத்து வருடமாகத் தன் தொடையில் பழகிக்கொண்டிருக்கிறான். விட்டுக்கொடுப்பானா?

கூட்டாக வந்தால் கூட்டாகவே திரிய வேண்டும் என்ற எண்ணத்தை அப்போதுதான் கைவிட்டோம். காலையிலேயே கைவிட்டிருந்தால் யாருக்கும் முகம் தொங்கியிருக்காது. அவளும் அவனும் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நான் இரண்டிலும் பாதி. தோழி ஒரு கையில் போனை உயர்த்திப் பிடித்து, ஒவ்வொரு வரியையும் பாடிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் நண்பன் மேடையின் ஓரத்தில் நின்று, பாடகரைப் பார்க்காமல் டிரம்ஸ்காரரின் வலது மணிக்கட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். சேர்ந்து நின்றிருந்தால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சலித்துக்கொண்டிருப்பார்கள்.

நள்ளிரவில் கணக்கெடுத்தால் நான்காமவனைக் காணவில்லை. போன் அணைந்திருந்தது. சட்டை விற்கும் கடைகள், ஓவியக் கண்காட்சி, பழைய பாடகர்கள் கதை சொல்லும் சிறு அரங்கு என்று எல்லா இடமும் அலசினோம். கடைசியில் 1939இல் கட்டிய ஒபரா ஹவுஸ் அரங்கில், மெத்தை வைத்த இருக்கையில், கையில் காலி உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தோடு தூங்கிக்கொண்டிருந்தான். மேடையில் ஒரு குழு முழு வேகத்தில் வாசித்து முடித்து, சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. எழுப்பினால், 'டிராம் நன்றாக இருந்தது' என்றான்.

போவதாக இருந்தால் இரண்டு சொல்லிவிடுகிறேன். காதில் செருகும் நுரை அடைப்பான்களை மறக்காதீர்கள். பல நாள் காதுக்குள் ரீங்காரம் கேட்கும் வேதனை தேவையில்லை. தங்கும் அறையைச் சீக்கிரம் பிடித்துவிடுங்கள், அந்த வாரம் ஊரே நிரம்பிவிடும். 1976 டிசம்பரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் குழு தொலைக்காட்சியில் கெட்ட வார்த்தை பேசிய பிறகு, ஊர் ஊராக அவர்களின் நிகழ்ச்சிகளை ரத்து செய்தார்கள். இன்று பங்க் விருந்தினர்களை வரவேற்கும் அட்டைகள் விடுதி வாசலில் தொங்குகின்றன. நாங்கள் தங்கிய வீட்டின் உரிமையாளர் அம்மாவிடம், காலைச் சிற்றுண்டியின்போது, இந்தக் கூட்டத்தால் தொந்தரவு இல்லையா என்று தோழி கேட்டாள். 'இவர்கள் தட்டைக்கூடக் கழுவி வைத்துவிடுவார்கள். அடுத்த வாரம், கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளையோடு குடித்துக் கொண்டாடும் நண்பர் கூட்டம் ஒன்று வருகிறது, அதற்குத்தான் பூந்தொட்டிகளை உள்ளே எடுத்து வைக்க வேண்டும்' என்றார்.