ஏஜென்ட் கமிஷனும் டிராபேக்கும்: மும்பை ஏற்றுமதியாளர்களின் கேள்விகள்

கேள்வி: தாராவியில் தோல் பை தைத்து ஜெர்மனிக்கு அனுப்புகிறோம். அங்குள்ள ஏஜென்ட் 15 சதவீதம் கேட்கிறார். கொடுத்தால் டிராபேக் மொத்தமும் போய்விடும் என்கிறார் நண்பர். உண்மையா சார்?

பதில்: நண்பர் வீணாகப் பயமுறுத்துகிறார். டிராபேக் என்பது, ஏற்றுமதிப் பொருளைச் செய்ய ஆன மூலப்பொருள்களின் வரிச்சுமைக்காகச் சுங்கத் துறை திருப்பித் தரும் தொகை. எஃப்ஓபி மதிப்பில் (கப்பலில் ஏற்றும் வரையிலான சரக்கின் மதிப்பு) 12.5 சதவீதம் வரையிலான கமிஷனை டிராபேக் கணக்கில் கழிப்பதில்லை. அதைத் தாண்டும் பகுதியை மட்டும் கழிப்பார்கள். சரக்கின் எஃப்ஓபி 10 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் தரும் கமிஷன் 1.5 லட்சம், வரம்பு 1.25 லட்சம். மீதி 25,000 ரூபாயைக் கழித்துவிட்டு 9.75 லட்சத்துக்கு டிராபேக் தருவார்கள். ஒரு பேச்சுக்கு டிராபேக் விகிதம் 2 சதவீதம் என்றால் உங்களுக்கு நஷ்டம் 500 ரூபாய்தான்! அதோடு, பல பொருள்களுக்கு ஒன்றுக்கு இவ்வளவுதான் என்று ரூபாயில் ஓர் உச்சவரம்பும் டிராபேக் விகித அட்டவணையில் உண்டு. விலை கூடிய பைகளுக்கு டிராபேக் ஏற்கெனவே அந்த வரம்பில் முட்டி நின்றால், இந்த 500 ரூபாயும் குறையாது. ஏஜென்ட்டோடு தாராளமாகப் பேரம் பேசுங்கள். ஆனால் அந்த 25,000 ரூபாய்க்காகப் பேசுங்கள், டிராபேக்குக்காக வேண்டாம்.

கேள்வி: பாண்டுப்பில் பம்ப் உதிரிபாகம் செய்கிறோம். ஷிப்பிங் பில்லில் (சுங்கத் துறையில் தாக்கல் செய்யும் ஏற்றுமதிப் படிவம்) கமிஷன் கட்டத்தில் எங்கள் சிஎச்ஏ (சுங்க வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட்) பூஜ்யம் போட்டுவிட்டார். வெளிநாட்டுப் பையரோ (வாங்குபவர்) அங்குள்ள விற்பனை ஏஜென்ட்டுக்கான 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பியிருக்கிறார். இப்போது சுங்கத் துறை நோட்டீஸ் வந்திருக்கிறது.

பதில்: நிஜமான தலைவலி இதுதான். கமிஷன் கொடுத்ததால் சிக்குபவர்களைவிட, கொடுத்ததைச் சொல்லாமல் விட்டுச் சிக்குபவர்களே அதிகம். உதாரணத்துக்கு, நவ சேவா துறைமுகத்தில் 100 ரூபாய்க்கு சரக்கு போனதாகப் பதிவு. வங்கிக்கு வந்தது 90. மீதிப் பத்தும் வசூலாகாத ஏற்றுமதிப் பணமாகத்தான் சுங்கத் துறையின் கண்ணுக்குத் தெரியும். 2017-ஆம் ஆண்டு டிராபேக் விதிகளின்படி, வசூலாகாத பகுதிக்கான டிராபேக்கை வட்டியோடு திரும்பக் கேட்கலாம்.

முதலில் வங்கிக்குப் போங்கள். முன்பே அறிவிக்காத கமிஷனையும் வங்கி ஏற்க ரிசர்வ் வங்கி இடம் தருகிறது. சரக்கு அனுப்பப்பட்டிருக்க வேண்டும், ஏஜென்ட்டுடன் எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்க வேண்டும், அறிவிக்காததற்கு நீங்கள் சொல்லும் காரணம் வங்கிக்குத் திருப்தியாக இருக்க வேண்டும். அப்புறம், சுங்கச் சட்டம் 149-வது பிரிவின் கீழ் ஷிப்பிங் பில்லைத் திருத்தித் தரும்படி விண்ணப்பியுங்கள். ஏற்றுமதி நடந்த நேரத்திலேயே கையில் இருந்த ஆவணத்தை வைத்துத்தான் திருத்துவார்கள். ஏஜென்ட்டோடு அப்போது பேசிய மின்னஞ்சல்களைத் தேடி எடுங்கள். இன்று டைப் செய்து பழைய தேதி போட்ட ஒப்பந்தத்தை மட்டும் கொண்டு போகாதீர்கள். சின்னத் தவறு மோசடி வழக்காகிவிடும். நோட்டீஸுக்குக் கெடுவுக்குள் பதில் போய்விட வேண்டும், திருத்தம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டு வங்கி பிடிக்கும் கட்டணமும் டிராபேக்கைக் குறைக்குமா?

பதில்: குறைக்காது. 2019-இல் வந்த சுற்றறிக்கைப்படி கமிஷனும் வங்கிக் கட்டணமும் சேர்த்து 12.5 சதவீதத்துக்குள் இருந்தால் போதும்.

கேள்வி: பையர் தன் கம்பெனி பெயரிலேயே 8 சதவீதம் ‘கமிஷன்’ கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வாங்குபவருக்கே விட்டுக்கொடுப்பது தள்ளுபடி. இன்வாய்ஸிலும் ஷிப்பிங் பில்லிலும் அப்படியே காட்டுங்கள். எஃப்ஓபி குறையும், டிராபேக்கும் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. 12.5 சதவீதச் சலுகை நடுவில் நின்று வியாபாரம் பிடித்துத் தருபவருக்கானது.

கேள்வி: வாஷியிலிருந்து மசாலா அனுப்புகிறேன். துபாய் ஏஜென்ட்டுக்குப் பணம் அனுப்பும்போது டிடிஎஸ், ஜிஎஸ்டி உண்டா?

பதில்: ஏஜென்ட் முழுக்க வெளிநாட்டிலேயே வேலை செய்து, இந்தியாவில் அவருக்கு அலுவலகம் ஏதும் இல்லையென்றால் அந்தக் கமிஷனுக்கு இங்கே வருமான வரி இல்லை என்பது தோஷோகு வழக்கில் 1980-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பைசான் ஷூஸ் வழக்கில் 2014-இல் சென்னை உயர் நீதிமன்றமும் ஏற்றுமதியாளர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனாலும் ஆடிட்டர்கள் தயங்குவார்கள். ஏற்றுமதியாளர்களுக்குச் சாதகமாக இருந்த பழைய சுற்றறிக்கைகளை வரித் துறை 2009-இல் திரும்பப் பெற்றுவிட்டது. அதனால் ஏஜென்ட் அங்கிருந்தே வேலை பார்த்ததற்கான சான்றுகளைக் கோப்பில் வையுங்கள்.

ஜிஎஸ்டி கதை வேறு. இடைத்தரகர் சேவை அவர் இருக்கும் நாட்டில் நடப்பதாகவே ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி) சட்டத்தின் 13(8)(பி) பிரிவு கருதியது. அதனால் ரிவர்ஸ் சார்ஜ் வரி, அதாவது சேவை பெறுபவரே கட்டும் ஜிஎஸ்டி, இருக்கவில்லை. 2025 செப்டம்பரில் கூடிய 56-வது ஜிஎஸ்டி கவுன்சில் அந்தப் பிரிவையே நீக்கப் பரிந்துரைத்தது. அது போய்விட்டால் உங்கள் கமிஷன் இறக்குமதிச் சேவையாகிவிடும். வரியை நீங்களே கட்டி, பிறகு கிரெடிட்டாகவோ ரீஃபண்டாகவோ எடுக்க வேண்டும். நஷ்டமில்லை, ஆனால் ரீஃபண்ட் வரும்வரை பணம் முடங்கும். கமிஷன் பில்லின் தேதியில் எது அமலில் இருந்தது என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொண்டு பணத்தை அனுப்புங்கள்.