முகத்தசை அசையாமல் பிறந்த குழந்தையின் பற்களை எப்படிப் பராமரிப்பது?

மோபியஸ் நோய்க்குறியுள்ள (பிறவியிலேயே முகத்தசைகள் அசையாத) உங்கள் இரண்டு வயது மகளை இப்போதே பல் மருத்துவரிடம் காட்ட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காட்டிவிடுங்கள். எந்தக் குழந்தையையும் முதல் பிறந்தநாளுக்குள் காட்டிவிடுவது நல்லது. இதே நோய்க்குறியுள்ள என் மகனை மூன்றரை வயதில்தான் அழைத்துச் சென்றோம். அதற்குள் கீழ்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு சொத்தையாகியிருந்தன.

மிட்டாயைக் குறை சொல்லிப் பயனில்லை. மெல்லும்போது கன்னப்பக்கம் ஒதுங்கும் உணவைப் பற்களுக்கு நடுவே திரும்பத் தள்ளுவது கன்னத்தசை; அதை இயக்கும் ஏழாவது மண்டை நரம்புதான் இக்குழந்தைகளுக்குச் செயல்படுவதில்லை. ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தவனின் கன்னத்துக்குள் விரலை விட்டபோது, காலையில் ஊட்டிய இட்லி கூழாக வந்தது. உதடுகள் மூடாததால் முன்பற்களும் காய்ந்து, ஈறு வீங்குகிறது.

அன்றிலிருந்து ஒவ்வொரு வேளை உணவுக்குப் பிறகும், ஈரத்துணி சுற்றிய விரலால் இரு கன்னங்களின் உட்புறத்தையும் வழித்தெடுத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வைக்கிறோம். இவர்களில் பலருக்கு வாய் சிறிதாகவே திறக்கும் என்பதால், மிகச் சிறிய தலையுள்ள பிரஷ் வாங்கி, கன்னத்தை விரலால் விலக்கிப் பிடித்துக்கொண்டு நீங்களே தேய்த்துவிடுங்கள். ஃபுளோரைடு பற்பசை மூன்று வயது வரை ஓர் அரிசி அளவும், பிறகு பட்டாணி அளவும் போதும். மருத்துவர் பூசிவிடும் ஃபுளோரைடு வார்னிஷ் பற்றியும் கேளுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. "வலித்தால் முகத்தைச் சுளிப்பான், உடனே நிறுத்திவிடுகிறேன்" என்றார் நாங்கள் முதலில் பார்த்த மருத்துவர். முகம் சுளிக்கவே இல்லை. ஆனால் செருப்பைக் கழற்றியிருந்த கால்விரல்கள் இறுக மடங்கியிருந்ததை நான்தான் பார்த்தேன். பல்வலியை உணர்த்துவது ஐந்தாவது நரம்பு. பெரும்பாலும் அதற்குப் பழுதில்லை என்பதால் வலி முழுதாகவே தெரியும். இப்போது இடக்கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்கிறோம்.

கண் இமைகளும் சரியாக மூடாதாகையால் சிகிச்சையின்போது பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். மயக்க மருந்து தேவைப்பட்டால், தாடை சிறியது, சுவாசக் குழாய் செலுத்துவது கடினமாகலாம் என்பதை மயக்கவியல் மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் மகளுக்குக் கைச்சைகை புரிகிற வயது வரும்வரை, சிகிச்சை நாற்காலியின் கால்பக்கம் நின்றுகொள்ளுங்கள்.