நாற்பதுக்குப் பிறகு முதுமாணி: ரொறொன்ரோவுக்குப் புதிதாக வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, யாழ்ப்பாணத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் நீங்கள். 41 வயது, பிஆர் என்கிற நிரந்தர வதிவிட உரிமையோடு ஸ்காபுறோவுக்கு வந்து இன்னும் ஒரு குளிர்காலம்கூட முடியவில்லை. வளர்ந்தவர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதை இங்கே முதுமாணிக்குப் படிக்க ஆசைப்படுகிறீர்கள். சொந்தக்காரர் “இந்த வயதில் அது எதற்கு, பிஎஸ்டபிள்யூ என்கிற முதியோர், நோயாளர் பராமரிப்புப் பயிற்சி செய்தால் சுறுக்காக வேலை கிடைக்கும்” என்கிறார்கள். எது சரி என்று கேட்டிருந்தீர்கள்.

படியுங்கள். ஆனால் வருகிற செப்ரெம்பரிலேயே தொடங்க வேண்டாம். அதற்கு முதல், வளர்ந்தவர்கள் படிக்கிற ஒரு வகுப்பறையில் ஒரு வருடமாவது போய் இருங்கள். புதிதாக வந்தவர்களுக்கு அரசாங்கச் செலவில் நடக்கும் லிங்க் ஆங்கில வகுப்பு, நூலகத்தின் கணினி வகுப்பு, எதுவென்றாலும் சரி, தொண்டராகப் போகலாம். தொழிற்சாலை வேலையோடு பகுதிநேரமாக இந்தப் படிப்பை முடித்த எனக்கு, கடைசிவரை கைகொடுத்தது அப்படி ஒரு அறையில் பார்த்ததுதான்.

நான் உதவிக்குப் போன கணினி வகுப்புக்கு ஒரு ஐயா வருவார். ஊரில் சுன்னாகம் சந்தைப் பக்கம் மொத்த வியாபாரக் கடையொன்றில் கணக்கெழுதியவர். மின்னஞ்சல் திறப்பது எப்படி என்று வாரா வாரம் சொல்லிக்கொடுப்பார்கள். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்தபடி தலையாட்டிக்கொண்டு இருப்பார், மவுஸைத் தொடவே மாட்டார். ஒருநாள் அவருக்குப் பக்கத்தில் இருந்து எக்செல்லைத் திறந்து, வெங்காயம், வாழைக்குலை, உருளைக்கிழங்கு என்று விலைகளை வரிசையாக அடித்து, கூட்டுத்தொகையை வரவைத்தேன். ஐயாவின் உதடு அசைந்தது. மனக்கணக்காகவே கூட்டிப் பார்த்துவிட்டு, “சரியாத்தான் வருது” என்றார். பிறகு மவுஸைத் தன் பக்கம் இழுத்து, நடுவில் இன்னொரு வரி சேர்ப்பது எப்படி என்று கேட்டார். அத்தனை வாரமும் அவர் ஊரில் என்ன வேலை செய்தவர் என்று அந்த அறையில் யாருமே கேட்டிருக்கவில்லை. ஏன் கேட்பதில்லை, கேட்டால் பாடம் எப்படி மாறும்? இந்தக் கேள்வியைத்தான் என் விண்ணப்பத்தில் எழுதினேன்.

விண்ணப்பக் கடிதத்தில் பல்கலைக்கழகம் தேடுவதும் அப்படி ஒரு கேள்வியைத்தான். “கல்வியில் ஆர்வம் உண்டு” என்று எல்லோரும் எழுதுவார்கள். உங்களிடம் ஊர் அனுபவம் நிறைய இருக்கிறது, அதோடு இந்த நாட்டுக் கேள்வி ஒன்றும் சேர வேண்டும்.

இந்தப் படிப்புக்கு ரொறொன்ரோ நல்ல இடம். ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் கல்வியியல் நிறுவனத்தை இங்கே எல்லோரும் ஓய்சி என்பார்கள். 1965இல் தொடங்கியது. ஸ்காபுறோவில் கெனடி நிலையத்தில் சப்வே ஏறினால், மாறாமல் சென். ஜோர்ஜில் இறங்கி நேரே உள்ளே போகலாம். அங்கே பேராசிரியராக இருந்த அலன் ரவ், வளர்ந்தவர்கள் கற்பதில் பெரும்பகுதி வகுப்புக்கு வெளியே, தாங்களே திட்டமிட்டுக் கற்பதுதான் என்று 1971இலேயே எழுதினார். வந்த சில மாதத்தில் பஸ் வழி, வங்கி, பிள்ளையின் பள்ளிக்கூடப் படிவம் என்று நீங்கள் தனியாகக் கற்றதையெல்லாம் நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் ஜாக் மெசிரோ, இடைவெளி விட்டுக் கல்லூரிக்குத் திரும்பிய பெண்களை ஆராய்ந்தவர். அவருடைய மனைவியே நடுவயதில் படிக்கத் திரும்பியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். இதுவரை நம்பி வந்தது பொருந்தாமல் போகிற ஒரு நெருக்கடியில்தான் ஆழமான கற்றல் தொடங்கும் என்றார். நாடு மாறி வந்த எங்களுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. அவருடைய கட்டுரையொன்றை வேலைக்குப் போகும் பஸ்ஸில் வாசித்தபோது, எங்கள் வீட்டுக் கதையை யாரோ எழுதிவைத்தது போல இருந்தது.

இனி நடைமுறை. ஆய்வேடு எழுத விருப்பமென்றால் கலை முதுமாணி. வேலையோடு படிப்பதென்றால், பாடங்களை மட்டும் முடித்துப் பட்டம் பெறும் கல்வியியல் முதுமாணி. உங்களுக்கு நான் சொல்வது இரண்டாவதை, பகுதிநேரமாக. மாலை வகுப்புகள் உண்டு. பிஆர் என்பதால் உள்நாட்டுக் கட்டணம். வெளிநாட்டு மாணவர் கட்டுவது அதைவிடப் பல மடங்கு. ஓசாப் என்கிற ஒன்ராறியோ அரசாங்கத்தின் மாணவர் உதவியைப் பகுதிநேரத்துக்கும் கேட்கலாம். ஆர்ஆர்எஸ்பி என்கிற ஓய்வுகாலச் சேமிப்பிலிருந்து படிப்புக்கு வருடத்துக்கு 10,000 டொலர், மொத்தம் 20,000 டொலர்வரை வரியில்லாமல் எடுக்க வழி இருக்கிறது, பிறகு திருப்பிக் கட்ட வேண்டும். ஆனால் பொதுவாக முழுநேரம் படிப்பவர்களுக்குத்தான் அது கிடைக்கும், அதை நம்பிப் பகுதிநேரத்துக்குத் திட்டம் போடாதீர்கள். நீங்கள் தமிழில் பட்டம் முடித்திருந்தால் ஆங்கிலப் பரீட்சை கேட்பார்கள். பரிந்துரைக் கடிதம் தரக்கூடிய பழைய விரிவுரையாளரோடு இப்போதே கதையுங்கள்; ஓய்வு பெற்ற பிறகு ஆட்களைத் தேடிப் பிடிப்பது கஷ்டம்.

வகுப்பில் பேராசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வாசித்துவிட்டு வந்து கதைக்க வேண்டும், அதற்கும் புள்ளி உண்டு. எங்கள் ஊர் வகுப்பில் வாய்மூடி இருப்பது மரியாதை, இங்கே அதை வாசிக்காமல் வந்ததாக எடுத்துக்கொள்வார்கள். ஆசிரியரின் கருத்தை மறுத்து எழுதலாம், ஆதாரம் இருந்தால் போதும்.

வேலை விஷயத்தை மறைக்கக் கூடாது. இந்தப் பட்டத்தால் மட்டும் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க முடியாது, அதற்கு ஆசிரியர்களுக்கு அனுமதி வழங்கும் அமைப்பான ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரியின் அனுமதிப் பத்திரம் வேண்டும். லிங்க் வகுப்பு எடுக்க, ஆங்கிலம் படிப்பிப்பதற்கான டெசல் சான்றிதழ் தனியாகச் செய்ய வேண்டும். குடியேற்ற உதவி நிறுவனங்கள், கல்லூரிகள், மருத்துவமனைகளில் ஊழியர் பயிற்சி, தொழிற்சங்கக் கல்வி ஆகிய இடங்களில் இந்தப் படிப்புக்கு மதிப்பு உண்டு, ஆனால் இங்கே வேலை செய்த அனுபவத்தையும் சேர்த்துத்தான் கேட்பார்கள்.

ஆகவே வீட்டுக்கு உடனே வருமானம் தேவையென்றால் பிஎஸ்டபிள்யூ செய்யுங்கள், மதிப்பான வேலை. பிறகு முதுமாணி படிக்க அது தடையில்லை. என்னோடு படித்தவர்களில் தாதிமார் இருந்தார்கள். நோயாளிக்கு இன்சுலின் போடக் கற்றுக்கொடுத்த அனுபவத்தை வைத்தே கட்டுரை எழுதினார்கள். முதியவர் ஒருவர் புது வோக்கரோடு நடக்கப் பழகுவதைத் தினமும் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்கும் எழுத விஷயம் இருக்கும்.

தொண்டராகச் சேரப் பல இடங்களில் பொலிஸ் சான்று கேட்பார்கள், வரச் சில வாரம் எடுக்கலாம். எந்த இடம் என்று முடிவு செய்தவுடன் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள். கடிதத்தின் முதல் வரைவை எழுதியதும் அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன்.