மலிவு விலை இறக்குமதித் தோட்டா: வாங்கும் முன் என்ன பார்ப்பது?

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களிடமிருந்து. அங்கே ரேஞ்சுக்குப் போய்க் குறி பார்த்துச் சுடுவது சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு. தோட்டாவின் விலை ஏற ஏற, வெளிநாட்டுச் சரக்கின் பக்கம் கண் போவது இயல்புதான். ஆனால் மற்ற பொருளில் தரம் குறைந்தால் காசோடு போகும். இதில் கையும் கண்ணும் சம்பந்தப்பட்டிருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறேன். என்னிடம் ஏஆர்-15 ரைஃபிள் இருக்கிறது. இரும்புக் கேஸ் போட்ட .223 தோட்டா, ஆயிரம் எண்ணம் கொண்ட பெட்டி, ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. "வாங்காதே, துப்பாக்கி கெட்டுவிடும்" என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. ஆனால் அவர்கள் பழி போடும் இடம் வேறு. தோட்டா என்பது பவுடர் நிரப்பிய கேஸும், அதன் முனையில் செருகிய குண்டும் சேர்ந்தது. குழலை அதிகம் தேய்ப்பது இரும்புக் கேஸ் அல்ல, குண்டின் மேலுறை. கேஸ், துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைக்குள்ளேயே இருந்து வெளியே விழுந்துவிடுகிறது. குழலை உரசிக்கொண்டு போவது குண்டுதான். இந்த மலிவு ரகங்கள் பெரும்பாலானவற்றில் குண்டின் உறை முழுச் செம்பு கிடையாது. மெல்லிய இரும்பு, அதன் மேல் செம்புப் பூச்சு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. குண்டின் நுனியில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உறையிலோ உள்ளேயோ இரும்பு இருக்கிறது.

லக்கி கன்னர் என்ற அமெரிக்கத் தோட்டா விற்பனை நிறுவனம் 2013-ல் ஒரு பெரிய சோதனை நடத்தியது. ஒரே மாதிரியான ஏஆர்-15 துப்பாக்கிகள். ஒன்றில் அமெரிக்கப் பித்தளைத் தோட்டா, மற்றவற்றில் ரஷ்ய இரும்புத் தோட்டாக்கள். ஒவ்வொன்றிலும் 10,000 தோட்டா சுடுவது என்று திட்டம். பித்தளைத் தோட்டா சுட்ட குழல் கடைசிவரை பயன்படும் நிலையில் இருந்தது. இரும்புறைக் குண்டு சுட்ட குழல்கள் சுமார் 6,000 அளவிலேயே துல்லியத்தை இழந்துவிட்டன. அது வேகமாகச் சுட்டு, குழலைச் சூடாகவே வைத்திருந்த சோதனை என்பதையும் நினைவில் வையுங்கள்.

இதைக் கேட்டதும் பயப்படத் தோன்றும். கணக்குப் போட்டால் வேறு மாதிரி தெரியும். ஒரு தோட்டாவுக்கு 10 சென்ட் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். 6,000 தோட்டாவுக்கு 600 டாலர். சாதாரண ஏஆர் குழல் அதில் பாதிக்குள் கிடைத்துவிடும். மிச்சம் 2, 3 சென்ட்தான் என்றால் அந்தக் கணக்கு நிற்காது. அப்போது பித்தளையையே வாங்குங்கள். பெட்டி விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஷிப்பிங்கையும் வரியையும் சேர்த்து, ஒரு தோட்டாவுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள்.

கேஸ் விஷயத்துக்கு வருவோம். பித்தளை, சுடும்போது விரிந்து அறையின் சுவரை அடைத்துக்கொள்ளும். உடனே சுருங்கி எளிதாக வெளியே வரும். இரும்பு அந்த அளவுக்கு விரியாது. இடுக்கு வழியாகப் புகையும் கரியும் பின்னால் வந்து அறைச் சுவரில் படியும். கேஸ் மேலுள்ள அரக்குப் பூச்சு உருகி ஒட்டிக்கொள்கிறது என்று பலர் சொல்வார்கள்; உண்மையில் சிக்கவைப்பது இந்தக் கரிதான். ஏகே துப்பாக்கிகளில் தொல்லை குறைவு, ஏனென்றால் அதன் 7.62x39 தோட்டா நன்றாகச் சரிவாக இருக்கும். கொஞ்சம் அசைந்தாலே விடுபட்டுவிடும். .223 கேஸ் கிட்டத்தட்ட நேராக இருப்பதால் பிடித்துக்கொள்ளும். இருநூறு இரும்புத் தோட்டா சுட்ட கையோடு பித்தளைக்கு மாறினால் சிக்கும் வாய்ப்பு இன்னும் அதிகம். மாறும் முன் அறைக்குள் பிரஷ் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்துவிடுங்கள், போதும்.

ஒன்று மட்டும் முதலில் செய்யுங்கள்: நீங்கள் போகும் ரேஞ்சுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். உள்ளரங்க ரேஞ்ச் பலவற்றில் வாசலிலேயே காந்தம் வைத்துப் பார்ப்பார்கள், ஒட்டினால் அனுமதி இல்லை. இரும்பு மோதித் தீப்பொறி பறந்தால், கீழே சிதறிக் கிடக்கும் எரியாத பவுடர் பற்றிக்கொள்ளக்கூடும். பின்சுவர்த் தகடும் சேதமாகும். வெளியரங்கில் சுடுபவர் என்றால் தாராளமாக வாங்கலாம். 100 கெஜத்தில் 3, 4 அங்குல வட்டத்துக்குள் விழுந்தால் இந்த விலைக்கு அது நியாயமான தரம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

கேள்வி: பெட்டியில் சிலவற்றில் .223 என்றும் சிலவற்றில் 5.56 என்றும் இருக்கிறது. இரண்டும் ஒன்றா?

பதில்: வெளி அளவு ஒன்று, அழுத்தம் ஒன்றல்ல. உங்கள் குழலில் 5.56 என்று பொறித்திருந்தால் இரண்டையும் சுடலாம். .223 என்று மட்டும் இருந்தால் 5.56 போடாதீர்கள்.

கேள்வி: எந்த நாட்டுச் சரக்கை நம்பலாம் சார்? ரஷ்யத் தோட்டா இன்னும் வருகிறதா?

பதில்: நாட்டைவிடத் தொழிற்சாலையைப் பாருங்கள். செக் நாட்டின் விளாஷிம் ஊரிலிருந்து வரும் செலியர் அண்ட் பெல்லோ 1825-ல் தொடங்கிய நிறுவனம். செர்பியாவின் உஷிட்சே ஊரில் உள்ள பிர்வி பார்ட்டிசான் 1928-லிருந்து இருக்கிறது. பெட்டியில் பிபியு என்று போட்டிருக்கும். கொரியாவின் பூங்சான் தயாரிப்பு பிஎம்சி, பிரேசிலின் சிபிசி தயாரிப்பு மேக்டெக், மெக்சிகோவின் அகிலா, இத்தாலியின் ஃபியோக்கி: இவையெல்லாம் பல காலமாக வந்துகொண்டிருக்கும் பெயர்கள், பெரும்பாலும் பித்தளைக் கேஸ். அமெரிக்கத் தயாரிப்பைவிட விலை குறைவு என்பதற்காகத் தரம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஐரோப்பாவில் சிஐபி என்ற அமைப்பு இருக்கிறது. அதில் உறுப்பினரான நாடுகளில் தோட்டா விற்பனைக்கு வரும் முன் அதிகாரபூர்வமான சோதனைச் சாலையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தாக வேண்டும். அமெரிக்காவின் சாமி அமைப்பின் தர அளவுகளோ தொழில்துறையினர் தாங்களாகவே ஏற்றுக்கொண்டவை. பெட்டியில் சிஐபி முத்திரை இருந்தால் அது ஒரு நல்ல அடையாளம். அது அழுத்த அளவு வரம்புக்குள் இருக்கிறது என்பதற்கான உறுதி; குறி துல்லியமாக விழும் என்பதற்கு அல்ல.

ரஷ்யச் சரக்கு விஷயம்: ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவால்னிக்கு விஷம் கொடுக்கப்பட்ட விவகாரத்தில் அமெரிக்க அரசு 2021 ஆகஸ்டில் தடை அறிவித்தது, செப்டம்பர் 7 முதல் ரஷ்யத் தோட்டாவுக்குப் புதிய இறக்குமதி அனுமதி கிடையாது. கையில் இருந்த பழைய அனுமதிகளை வைத்துச் சில காலம் வந்துகொண்டிருந்தது. இப்போது துலா, பர்னவுல் என்று யாராவது விற்றால் அது அந்தக் காலத்துச் சரக்கு. பழையது என்பதால் கெட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் பிடித்துப்போய் மறுபடி கேட்டால் கிடைக்காது, அபூர்வச் சரக்கு என்று சொல்லி விலையும் ஏற்றிவிடுவார்கள். அந்த விலைக்கு நல்ல பித்தளைத் தோட்டாவே வாங்கலாம். சீனத் தோட்டாவுக்கு 1994-லிருந்தே தடை.

பிராண்டு பெயரை மட்டும் நம்பாதீர்கள். வுல்ஃப் என்ற ஒரே பெயரில் ரஷ்ய இரும்புத் தோட்டாவும் வந்தது, வுல்ஃப் கோல்டு என்று தைவானில் செய்த பித்தளைத் தோட்டாவும் வந்தது. இரண்டும் வேறு வேறு சரக்கு. பெட்டியைத் திருப்பி, எந்த நாட்டில் செய்தது என்ற வரியைப் படியுங்கள்.

கேள்வி: கேள்விப்படாத ஒரு பெயரில் 9 மி.மீ. பிஸ்டல் தோட்டா வாங்கியிருக்கிறேன். சுடுவதற்கு முன் தரத்தை எப்படிப் பார்ப்பது?

பதில்: நல்ல வெளிச்சத்தில், ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் ஐம்பதையும் வரிசையாக நிறுத்துங்கள். குனிந்து, குண்டுகளின் நுனி உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து பாருங்கள். மற்றவற்றைவிடக் குட்டையாக ஒன்று நின்றால் அதன் குண்டு கேஸுக்குள் இறங்கியிருக்கிறது. உள்ளே இடம் குறைந்தால் அழுத்தம் எகிறும். அதை எடுத்துத் தனியே வையுங்கள். ஏதாவது ஒன்று லேசாக ஆடினால், அதன் அடியில் பிரைமர் (துப்பாக்கியின் ஊசி அடித்ததும் பவுடரைப் பற்றவைக்கும் சின்னக் கிண்ணம்) துருத்திக்கொண்டிருக்கலாம். விரல் நுனியால் அடிப்பக்கத்தைத் தடவுங்கள். பிரைமர் தளத்துக்குச் சமமாகவோ ஒரு மயிரிழை உள்ளேயோ இருக்க வேண்டும். கேஸ் வாயில் கீறல், நசுங்கல், பச்சைக் களிம்பு இருக்கிறதா பாருங்கள். கட்டைவிரலால் குண்டை மிதமாக அழுத்துங்கள், அசையவே கூடாது.

அப்புறம் பிஸ்டலைக் காலி செய்து, காலிதானா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு, குழலைக் கழற்றுங்கள். தோட்டாவை அதற்குள் விடுங்கள். 'டொக்' என்று தானாக விழ வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். தள்ளி நுழைக்க வேண்டியிருந்தால் உங்கள் துப்பாக்கிக்கு அது ஒத்துவராது.

பவுடர் அளவை மட்டும் வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. காதருகே ஆட்டிப் பார்ப்பதில் பலன் இல்லை. எடை போட்டாலும் தெரியாது, ஏனென்றால் பவுடர் மொத்த எடையில் மிகச் சிறு பங்கு. கேஸும் குண்டும் ஒன்றுக்கொன்று வேறுபடுவதிலேயே அது மறைந்துவிடும். அதற்குச் சுட்டுத்தான் பார்க்க வேண்டும், காதைத் தீட்டிக்கொண்டு.

'க்ளிக்' என்று மட்டும் கேட்டு வெடிக்கவில்லையா? குழலைக் குறியை நோக்கியே வைத்து முப்பது விநாடி காத்திருங்கள், தாமதமாக வெடிக்கக்கூடும். அதன் பிறகு வெளியே எடுங்கள். அதைவிட ஆபத்தானது, வழக்கமான சத்தத்துக்குப் பதில் 'பொப்' என்று ஒரு மெல்லிய சத்தம். குண்டு குழலின் நடுவிலேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும். உடனே நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். அன்றைக்குப் பக்கத்தில் நேரம் பார்த்துச் சுடும் போட்டி நடந்தாலும் சரி, அவசரப்படாதீர்கள். சுட்ட கேஸ்களையும் பொறுக்கிப் பாருங்கள். பிரைமர் துளைபட்டிருந்தாலோ, கேஸ் வெடித்தோ உப்பியோ இருந்தாலோ அந்தச் சரக்கை அதோடு நிறுத்திவிடுங்கள்.

இதையெல்லாம் நீங்கள் செய்யும் முன்பே நான் வற்புறுத்திச் சொல்ல நினைப்பது: முதலில் ஒரு பெட்டி, இரண்டு பெட்டி வாங்குங்கள். உங்கள் துப்பாக்கியில் ஓடுகிறதா பாருங்கள். பிடித்திருந்தால் அதே லாட் எண்ணில், அதாவது ஒரே தடவையில் செய்த சரக்காக, மொத்தமாக வாங்குங்கள். ஒரே பிராண்டில் லாட்டுக்கு லாட் பவுடரும் பிரைமரும் மாறும். மலிவு ரகத்தில் இன்னும் அதிகமாக மாறும். லாட் எண் அச்சிட்ட பெட்டி மடிப்பைக் கிழித்தாவது பத்திரப்படுத்துங்கள். பழுது என்று திரும்ப அழைத்தால் அந்த எண்ணை வைத்துத்தான் அழைப்பார்கள்.

கேள்வி: வாங்கிய பெட்டியில் பத்துக்கு மேல் வெடிக்கவில்லை. ஆன்லைன் கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார்.

பதில்: தோட்டாவைத் திரும்ப எடுப்பதில்லை என்பது பெரும்பாலான கடைகளின் விதி. அதனால் கடைக்காரரோடு மல்லுக்கட்டாமல், பெட்டியில் பெயர் போட்டிருக்கும் இறக்குமதியாளருக்கு எழுதுங்கள். லாட் எண், எந்தத் துப்பாக்கி, பிரைமரில் ஊசி எவ்வளவு ஆழம் பதிந்திருக்கிறது என்பது தெரியும் படம், இந்த மூன்றும் வேண்டும். அதற்கு முன் இன்னொரு பிராண்டைப் போட்டுப் பாருங்கள். தடம் ஆழமில்லாமல் இருந்தால் குற்றம் துப்பாக்கியின் ஸ்பிரிங்கிலும் இருக்கலாம், ராணுவ ரகங்களில் வரும் கடினமான பிரைமரிலும் இருக்கலாம். .22 தோட்டா என்றால் பொதுவாகவே கொஞ்சம் தவறும்; வெடிமருந்து விளிம்பைச் சுற்றிப் பரவியிருப்பதால் சில இடங்களில் பிடிக்காமல் போகும்.

கேள்வி: மோசின் நாகான்ட் ரைஃபிளுக்கு 440 தோட்டா கொண்ட பழைய சோவியத் தகர டின் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: டின் துருப்பிடிக்காமல், சீல் உடையாமல் இருந்தால் வாங்கலாம். காற்றும் ஈரமும் புகாமல் இருந்த தோட்டா பல பத்தாண்டுகள் தாங்கும். ஆனால் கிழக்கு ஐரோப்பிய ராணுவங்களின் பழைய சரக்கு எதுவானாலும் அரிக்கும் வகைப் பிரைமர் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், விற்பவர் என்ன சொன்னாலும். அந்தப் பிரைமர் எரிந்ததும் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு மிஞ்சுகிறது. அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஒரே இரவில் குழலைத் துருப்பிடிக்க வைக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால் அன்றைக்கே, குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து உலர்த்தி, அப்புறம் எண்ணெய் போடுங்கள். தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகப்பையும் மறக்காதீர்கள். ஹூஸ்டன் மாதிரி ஈரக்காற்று ஊரில் இருப்பவர் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று விடவே கூடாது.

கேள்வி: வீட்டுப் பாதுகாப்புக்கு மலிவுத் தோட்டா போதாதா?

பதில்: வேண்டாம். 100 சுட்டு ஒன்றுகூட வெடிக்காமல் தவறவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்படி, அப்போதும் நூற்றுக்கு மூன்று வரை தவறக்கூடிய சரக்காக அது இருக்க வாய்ப்புண்டு. 300 சுட்டுத் தவறாமல் இருந்தால்தான் நூற்றுக்கு ஒன்றுக்குக் கீழே என்று ஓரளவு சொல்லலாம். பயிற்சியில் ஒன்று வெடிக்காமல் போனால் அது ஒரு தொல்லை, அவ்வளவுதான். ஆபத்து நேரத்தில் அப்படி இல்லை. வீட்டுக்கென்று வைப்பது தற்காப்புக்காகவே செய்த, பெயர் பெற்ற தயாரிப்பாக இருக்கட்டும்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். ரேஞ்சில் சுட ஆசை. தோட்டா வாங்கத் தடை உண்டா?

பதில்: உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. எச்-1பி, எல்-1, எஃப்-1, எச்-4 போன்ற குடியேற்றமில்லா விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் அடங்கும். முக்கியமான விதிவிலக்கு, அமெரிக்க மாநிலம் ஒன்று கொடுத்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். அதை எடுத்துவிட்டுப் போங்கள், கையிலும் வைத்திருங்கள். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பாவை ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் "ஒன்று சுட்டுப் பாருங்கள்" என்று துப்பாக்கியைக் கொடுப்பதும் இதே சட்டத்தில் சிக்கும்.

ஊருக்குக் கிளம்பும் முன் இன்னொரு வேலை. ரேஞ்சுக்கு எடுத்துப்போன பையையே விமானத்துக்கு எடுத்துக்கொண்டு, ஓரத்தில் கிடந்த ஒற்றைத் தோட்டாவோடு இந்திய விமான நிலையங்களில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு. ஆயுதச் சட்டத்தில் வழக்குப் பதிவாகும். தெரியாமல் இருந்தது என்று நீதிமன்றம் ஏற்று விடுவித்தாலும், அதற்குள் விடுமுறை முடிந்து, பாஸ்போர்ட்டுக்காக அலைய வேண்டியிருக்கும். ரேஞ்சுக்கென்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பயணத்துக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.