கேமராப் படம் மென்பொருளில் திறக்காதபோது: மகளின் எதிர்காலம் குறித்துக் கேட்ட பெற்றோருக்கு

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

புகைப்படத் திருத்தத்தைத் தொழிலாகக் கொள்ள விரும்பும் தங்கள் மகள், புதிய கேமராவில் எடுத்த படங்களைப் போட்டோஷாப் என்ற படத்திருத்த மென்பொருளில் திறக்க முடியாமல் தவிப்பதாக எழுதியிருந்தீர்கள். விலை உயர்ந்த கணினியும் நீண்ட காலப் பயிற்சி வகுப்பும் இப்போதே தேவையா, முதல் படியிலேயே தடுமாறுபவருக்கு இத்துறை ஒத்துவருமா என்றும் கேட்டிருந்தீர்கள். கணினியையும் வகுப்பையும் சற்றுத் தள்ளி வையுங்கள். ஒரு கோப்பு ஏன் திறக்கவில்லை என்பதைத் தேடிப் புரிந்துகொள்வதே இத்துறையின் முதல் பாடம். தங்கள் மகள் அதில்தான் இப்போது இருக்கிறார்.

தரமான கேமராக்கள் சுருக்கிச் சேமிக்கும் வழக்கமான ஜேபெக் படத்தை மட்டுமல்லாமல், ஒளியை உணரும் சென்சார் பதிவு செய்த மூலத் தரவை ரா கோப்பாகவும் சேமிக்கின்றன. இந்தக் கோப்பின் வடிவம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: நிக்கானுக்கு என்இஎஃப், சோனிக்கு ஏஆர்டபிள்யூ, கேனனுக்கு 2018 முதல் வந்த பெரும்பாலான கேமராக்களில் சிஆர்3. ஒரே நிறுவனத்திலும் ஒவ்வொரு புதிய கேமராவுக்கும் மென்பொருளில் தனி ஆதரவு சேர்க்கப்பட வேண்டும். ஆகவே மென்பொருளின் பதிப்பு கேமராவை விடப் பழையதாக இருந்தால், கோப்பில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் அது திறக்காது. போட்டோஷாப்பிலுள்ள கேமரா ரா என்ற பகுதியைப் புதுப்பிக்கலாம். அது முடியாவிட்டால் போட்டோஷாப்பைத் தயாரிக்கும் அடோபி நிறுவனம் இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வெர்ட்டரின் புதிய பதிப்பைக் கொண்டு, 2004-இல் அறிமுகமான டிஎன்ஜி என்ற பொது வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். டார்க்டேபிள், ராதெரபி ஆகிய கட்டணமில்லா மென்பொருள்களும் ரா கோப்புகளைத் திறக்க உண்டு. கிம்ப் என்ற கட்டணமில்லாப் படத்திருத்த மென்பொருளும் ரா கோப்புகளைத் திறக்க இவற்றின் துணையையே நாடுகிறது. எந்த வழியை மேற்கொண்டாலும், படங்களை மெமரி கார்டிலிருந்து கணினிக்கு முழுமையாக நகலெடுத்த பிறகே திறக்கச் சொல்லுங்கள்.

கோப்பு திறந்தவுடன் மகள் இன்னொரு ஏமாற்றத்தைச் சந்திக்கக்கூடும். கேமராவின் திரையில் பளிச்சென்று தெரிந்த படம், கணினியில் மங்கலாகவும் உயிரற்றும் தோன்றலாம். கேமராவின் திரையில் தெரிவது, கேமராவே நிறமும் கூர்மையும் கூட்டித் தயாரித்த ஜேபெக் முன்தோற்றம். கணினியில் தெரிவதோ அந்த மெருகு ஏறாத மூலப்பொருள். பெரும்பாலான சென்சார்களில், கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி முறையின்படி, ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுள் ஒன்றை மட்டுமே பதிவு செய்கிறது. எஞ்சிய இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளிலிருந்து மென்பொருள் கணக்கிட்டு நிரப்புகிறது. வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைச் சமன் செய்யும் ஒயிட் பேலன்ஸும் அப்போதுதான் முடிவாகிறது. 8 பிட் ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகளே உள்ளன. 14 பிட் ரா கோப்பில் 16,384 உள்ளன. வெள்ளைத் துணியின் மடிப்புகளையோ நிழலில் இருக்கும் முகத்தையோ பின்னர் மீட்டெடுக்க முடிவது இந்த வேறுபாட்டால்தான்.

இதை மகள் கண்ணால் பார்த்தே நம்ப வேண்டும் என்பது என் விருப்பம். ஒரே காட்சியை ரா, ஜேபெக் ஆகிய இரண்டு வடிவங்களிலும் ஒருசேரப் பதிவு செய்து, இரண்டையும் மென்பொருளில் திறந்து, இருண்ட பகுதியை ஒரே அளவுக்கு வெளிச்சமாக்கிப் பார்க்கட்டும். எங்கே நிறம் திட்டுத்திட்டாக உடைகிறது என்பதைக் குறித்து வைக்கட்டும். பிறகு திறக்கும்போது தேர்ந்தெடுக்கும் நிறவெளியை, அதாவது படம் காட்டக்கூடிய நிறங்களின் எல்லையை, மாற்றிப் பார்க்கட்டும். அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த நிறவெளியில் திருத்திய படத்தை, இணையத்தில் வழக்கமான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றாமல், எந்த நிறவெளி என்ற குறிப்பும் இல்லாமல் இணையத்தில் ஏற்றினால் நிறங்கள் வெளிறித் தெரியும். இணைய விற்பனைக்கான ஆடைப் படங்களைத் திருத்துபவர் இதில் தவறினால், வாங்கியவர் நிறம் வேறு என்று ஆடையைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

வேலைவாய்ப்பு என்று பார்த்தால், ஒவ்வொரு பிரிவும் கோப்பை வெவ்வேறு விதமாகக் கையாளச் சொல்கிறது. அச்சகப் பணியில் நிறத் துல்லியம் முதன்மையானது. ஆவணக் காப்பகங்களில் தரவை இழக்காத டிஃப் போன்ற வடிவங்கள் விரும்பப்படுகின்றன. செய்தித் துறையில் நேர்மையே அளவுகோல். ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் 2015-இல், ரா கோப்பிலிருந்து உருவாக்கிய படங்களை அனுப்பாமல் கேமராவே பதிவு செய்த ஜேபெக்கை அனுப்புமாறு தன் ஊழியர் அல்லாத ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரர்களுக்கு அறிவித்தது. வேர்ல்ட் பிரஸ் போட்டோ என்ற பன்னாட்டுச் செய்திப்படப் போட்டியிலோ, இறுதிச் சுற்றுகளை எட்டும் படங்களின் மூலக் கோப்புகளைக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். பின்னணியை நீக்குவது போன்ற எளிய வேலைகளை இன்று மென்பொருள் தானாகவே செய்துவிடுவதால், அத்தகைய வேலைகளை மட்டும் நம்பி மகள் இத்துறைக்கு வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோப்பின் தன்மை அறிந்து முடிவெடுப்பவருக்கே வேலை நிலைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

சேமிக்கும் பழக்கத்தையும் இப்போதே கற்பியுங்கள். கேமரா ரா மென்பொருள் மூலக் கோப்பின் படத்தரவைத் தொடுவதில்லை. திருத்தங்களைப் பொதுவாக எக்ஸ்எம்பி என்ற சிறு துணைக்கோப்பில் எழுதுகிறது. அதை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் வேறு கணினிக்குக் கொண்டுபோனால், செய்த திருத்தங்கள் அங்கே தெரியா. அடுக்குகளுடன் (திருத்தங்களைத் தனித்தனித் தாள்கள் போல வைக்கும் முறை) திருத்திய படத்தைப் போட்டோஷாப்பின் பிஎஸ்டி அல்லது டிஃப் வடிவில் வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு மட்டும் ஜேபெக்காக மாற்ற வேண்டும். ஜேபெக்கையே திரும்பத் திரும்பத் திருத்திச் சேமித்தால் தரம் குறைந்துகொண்டே போகும்.

இவற்றில் கை பழகிய பிறகு வகுப்பைத் தேடுங்கள். சேரும் முன், ரா கோப்பைக் கையாளுதல், நிற மேலாண்மை, திரையின் நிறத்தைச் சரிசெய்தல் ஆகியவை பாடத்திட்டத்தில் உள்ளனவா என்றும், மாணவர்கள் தாமே எடுத்த படங்களில் பயிற்சி செய்கிறார்களா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் அந்த வகுப்பு வேண்டாம். இப்போதைக்கு, கேமராவின் மாடல் பெயர், திறக்காத கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பின்வரும் எழுத்துகள், போட்டோஷாப்பின் பதிப்பு எண் ஆகிய மூன்றையும் மகளையே குறித்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த வழி பொருந்தும் என்பதை அவருக்கே நேரடியாக எழுதுகிறேன்.